0 ÷ 0 சோதனையில் விண்டோஸ் கால்குலேட்டர்

விண்டோஸோடு இலவசமாக வரும் கால்குலேட்டரில் 5 ÷ 0 தட்டினால், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று சொல்லும். 0 ÷ 0 தட்டினால் செய்தியே மாறிவிடும்: விடை வரையறுக்கப்படவில்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே இதற்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். எக்செல் இரண்டுக்கும் ஒரே டிவ்/0 பிழையைக் காட்டுகிறது. காசியோ எஃப்எக்ஸ்-991 வரிசைக் கால்குலேட்டர்களில் இரண்டும் 'மேத் எரர்' தான்.

ஆனால் இரண்டும் ஒரே கோளாறு அல்ல. 5 ÷ 0-க்கு விடை இருந்தால், அதை 0-ஆல் பெருக்கினால் 5 வர வேண்டும். அப்படி ஓர் எண் கிடையாது. 0 ÷ 0-க்கோ எந்த எண்ணைப் போட்டாலும் பெருக்கல் சரியாகிவிடும். சரி, நாமே ஒன்றை முடிவு செய்துகொண்டால்? பின்னக் கூட்டல் விடாது. 0/0 = க என்று வையுங்கள். 0/0 + 1/1 = (0×1 + 0×1)/(0×1), மறுபடியும் 0/0. ஆக க + 1 = க. க-வுக்கு எந்த எண்ணை வைத்தாலும் இதே கதிதான்.

சயின்டிஃபிக் மோடில், மேலும் கீழும் பூஜ்யத்துக்கு மிக அருகிலான எண்களை வைத்து 0 ÷ 0-ஐ இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். சைன் 0.001-ஐ 0.001-ஆல் வகுத்தால் 0.9999998 வரும். 0.01745 வந்தால் கருவி டிகிரியில் இருக்கிறது. டெக் (DEG) பட்டனை அழுத்தி, கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனுக்கு மாற்றுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அடுத்து, 1-லிருந்து காஸ் 0.00000001-ஐக் கழித்து, 0.00000001-இன் வர்க்கத்தால் வகுங்கள். விடை 0.5-ஐ ஒட்டி வர வேண்டும், இதில் வருகிறது. எக்செல் 0 என்கிறது! சுமார் 15 இலக்கத் துல்லியத்தில் அந்த காஸ் மதிப்பு 1 ஆகவே உருண்டுவிடுவதால் வரும் வினை. மேலிருக்கும் எண்ணும் கீழிருக்கும் எண்ணும் பூஜ்யத்தை நெருங்கும் வேகங்களைப் பொறுத்து ஒரு கணக்கு 1-க்கும் இன்னொன்று 0.5-க்கும் போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

குறை: பிழை வந்ததும் கூட்டல், கழித்தல் பட்டன்கள் மங்கிவிடும். ஏன் வரையறை இல்லை என்று ஒரு வரி விளக்கமும் கிடையாது.

எக்செல்லை விட முடியாதவர்களுக்கு: பிழையை மறைக்க ஐஎஃப்எரர் (IFERROR) சூத்திரம் போட்டு 0 நிரப்பாதீர்கள், சராசரி கீழே இறங்கிவிடும். வகுக்கும் எண் 0 என்றால் வெற்று உரை ("") வரும்படி இஃப் (IF) சூத்திரம் எழுதுங்கள். சராசரி காணும் ஆவரேஜ் (AVERAGE) சூத்திரம் அந்தக் கட்டத்தைத் தானாக விட்டுவிடும்.