கவிவனார் எழுத்துரு: லேபிளுக்கு உகந்தது, மலைப்பாதைப் பலகைக்கு அல்ல

கொடைக்கானலில் சாக்லேட், தேன், யூகலிப்டஸ் தைலம் விற்கும் சிறு கடைகளுக்கு லேபிளும் பெயர்ப்பலகையும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். வீட்டில் தயாரித்த பொருளுக்குக் கையால் எழுதியது போன்ற தமிழ் எழுத்து வேண்டுமென்று கேட்பவர்களுக்காகச் சில ஆண்டுகளாக நான் பயன்படுத்திவருவது, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவனார்’. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் இந்த எழுத்துரு திறந்த உரிமத்தில் வெளியானது என்பதால், விற்பனைப் பொருளின் உறையில் அச்சிடத் தனி அனுமதியோ கட்டணமோ தேவையில்லை.

இதன் பலம் சாய்வு. நேரெழுத்தை மென்பொருளில் சாய்த்தால் சுழிகள் நசுங்கித் தெரியும். கவிவனாரிலோ எழுத்துகள் வரையப்பட்டதே சாய்வாகத்தான் என்பதால் கை ஓட்டம் இயல்பாகத் தெரிகிறது. ‘மலைத்தேன்’ போன்ற ஓரிரு சொற்களைப் பெரிதாக வைக்கும்போது இதன் அழகு முழுமையாக வெளிப்படுகிறது. உட்பொருள்கள், விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றை நான் எப்போதும் ‘முக்தா மலர்’ என்ற நேரெழுத்துருவில்தான் அமைக்கிறேன்; சிறிய அளவில், பல வரிகளுக்குக் கவிவனார் கண்ணைக் களைப்படையச் செய்கிறது.

பெருங்குறை, ஒரே தடிப்பில் மட்டும் கிடைப்பது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு லேபிள் அமைத்தபோது, பெயர் இன்னும் அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று உற்பத்தியாளர் கேட்டார். எழுத்தைச் சுற்றிக் கோடு சேர்த்துத் தடிப்பாக்கிப் பார்த்தால், ‘பூண்டு’ என்ற சொல்லில் ணகரத்தின் சுழிகள் அடைபட்டு, மேலுள்ள புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எனவே தடிப்பைத் தொடாமல், எழுத்தின் அளவைக் கூட்டி, வெளிர்நிறப் பின்னணியில் அடர்பச்சை வைப்பதே சரியாக வருகிறது. கடைக்குள் தொங்கும் பலகைக்கும் இது போதும். ஆனால் பெருமாள்மலையிலிருந்து ஏறிவரும் சாலையோரப் பலகைக்குக் கவிவனாரை நான் பரிந்துரைப்பதில்லை. பனிமூட்டத்தில், ஓடும் வண்டியிலிருந்து படிக்க வேண்டிய எழுத்துக்குப் பலூ தம்பி போன்ற தடித்த எழுத்துருவே உதவும்.

புதிதாகப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கொடைக்கானல்’ என்பதன் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இது எழுத்துருவின் பிழையன்று; இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அதே சொல் எந்த மாற்றமும் செய்யாமலே சரியாக அமைகிறது. அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கர்வாக (curves, அதாவது வெறும் வரைகோட்டு வடிவமாக) மாற்றிவிட்டால், அவர்களிடம் எழுத்துரு இல்லாவிட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறாது. கவிவனாரின் திறந்த உரிமம் எழுத்துருவைத் திருத்தி அதே உரிமத்தில் வெளியிடவும் இடமளிக்கிறது. எழுத்துரு வரையத் தெரிந்த யாரேனும் தடித்த வடிவம் ஒன்றைச் செய்து தந்தால், அதை முதலில் மலைப்பூண்டு லேபிளில்தான் பயன்படுத்துவேன்.