எட்டு டியூப்லைட்டை எல்.இ.டி.யாக்கி ஆறு வருஷம் ஆகிறது

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகுதான் கவனித்தேன். டியூப் முழுதாக அணையவில்லை. நிலா வெளிச்சம் பட்ட பால்கண்ணாடி மாதிரி லேசாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அன்று மதியம்தான் பழைய டியூப்லைட்டைக் கழற்றி எல்.இ.டி. டியூப் மாட்டியிருந்தேன். புது சரக்கு, ஏதோ கோளாறு போல என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் டெஸ்டரை வைத்துப் பார்த்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதே ஹோல்டரில் டெஸ்டர் பளிச்சென்று எரிகிறது. எப்போதோ வயரிங் செய்தவர் சுவிட்சைக் கரண்ட் வரும் ஃபேஸ் வயரில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டுவிட்டார். அதாவது சுவிட்சை அணைத்தாலும் 230 வோல்ட் டியூப் வரை வந்து நின்றுகொண்டே இருக்கும். முந்தைய நாள் நான் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, ஸ்டூல் மேல் நின்று, அதே வயர்களைத்தான் உரித்து முறுக்கிக்கொண்டிருந்தேன். செம்பில் விரல் படாமல் போனது திறமை இல்லை, அதிர்ஷ்டம்.

பழைய டியூப்லைட் இத்தனை வருஷம் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது பற்றவே நல்ல உதை வேண்டும். கொஞ்சூண்டு கசிவு மின்சாரத்துக்கெல்லாம் அது அசையாது. எல்.இ.டி. அப்படி இல்லை, துளி கசிந்தாலும் மினுங்கும். சுவிட்சிலேயே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இப்படி ஒளிரலாம், அது வேறு விஷயம். ஆனால் உங்கள் வீட்டில் அணைத்த டியூப் மினுங்கினால், டியூபைத் திட்டுவதற்கு முன் சுவிட்ச் எந்த வயரில் இருக்கிறது என்று பாருங்கள். என் வீட்டில் எட்டில் மூன்று அப்படித்தான் இருந்தன. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றையும் ஃபேஸுக்கு மாற்றினேன். மினுங்கலும் போனது.

ஆறு வருஷத்தில் எட்டு ஃபிட்டிங்கையும் மாற்றி, சிலவற்றை இரண்டாவது முறையும் மாற்றிவிட்டேன். எந்தக் கம்பெனி டியூப் நல்லது என்று பலர் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. டியூபுக்குப் பின்னால் தகரப் பெட்டிக்குள் என்ன வயரிங் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

வம்பே இங்கேதான். வழக்கமான 4 அடி எல்.இ.டி. டியூப் பழைய டியூபின் அதே நீளம், பின்களுக்கு நடுவே அதே 13 மில்லிமீட்டர் இடைவெளி. 38 மில்லிமீட்டர் தடிமன் இருந்த பழைய குண்டு டியூப் இருந்த இடத்திலும், 26 மில்லிமீட்டர் டி8 இருந்த இடத்திலும் சொல்லி வைத்த மாதிரி உட்கார்ந்துவிடும். 16 மில்லிமீட்டர் ஒல்லி டி5 ஃபிட்டிங்கில் மட்டும்தான் உட்காராது, அதன் பின் வேறு. உட்கார்ந்துவிட்டதாலேயே எரியும், பத்திரமாகவும் இருக்கும் என்று மனசு சொல்லும். அதை நம்பக்கூடாது.

என்னிடம் இருந்தவற்றில் ஐந்து பழைய இரும்பு சோக் (டியூபுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி), ஸ்டார்ட்டர் (டியூபைப் பற்றவைக்கும் சின்ன டப்பா) வகை. மூன்று எலெக்ட்ரானிக் சோக். முதலில் சோம்பேறித்தனமான வழியில்தான் ஆரம்பித்தேன். சோக் வகைக்கென்றே சில எல்.இ.டி. டியூப்கள் வருகின்றன. கூடவே ஒரு போலி ஸ்டார்ட்டர் தருவார்கள். பார்க்க ஸ்டார்ட்டர் மாதிரியே இருக்கும், உள்ளே வெறும் இணைப்பு, சிலவற்றில் ஒரு ஃப்யூஸ். பழைய ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்துவிட்டு இதைப் போட்டு டியூபை மாட்டினால் முடிந்தது. வயரில் கை வைக்கவே வேண்டாம். வாடகை வீட்டுக்கு இதுதான் சரி, போகும்போது பழையபடி மாற்றிவிட்டுப் போகலாம்.

ஆனால் சோக் அப்படியே சர்க்யூட்டில் இருக்கும். 36 வாட் டியூப் எரியும்போது சோக் தனியாக 8, 10 வாட் சூடாக்கித் தள்ளும். 18 வாட் எல்.இ.டி.க்கு மின்னோட்டம் குறைவு என்பதால் அந்த இழப்பும் குறையும், ஆனால் இரவில் கேட்கும் அந்த 'ம்ம்ம்' சத்தம் எங்கள் வீட்டில் போகவில்லை. இன்னொன்று, அந்தப் போலி ஸ்டார்ட்டரை அப்படியே விட்டுவிட்டு யாராவது பழைய டியூபை மாட்டினால், இரண்டு ஓரமும் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டே இருக்கும், நடுவில் எரியாது. டியூப் போய்விட்டது என்று நினைத்து அப்படியே விட்டால் சோக் சூடாகிக்கொண்டே கிடக்கும்.

எலெக்ட்ரானிக் சோக்குக்குப் பொருந்தும் எல்.இ.டி. டியூப்களும் உண்டு. ஒன்றை வாங்கிப் பார்த்தேன். எல்லா சோக்கும் ஒத்துப்போகாது, பெட்டியில் பொருந்தும் மாடல்களின் பட்டியலே போட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் எரிந்தது. அப்புறம் சோக் போனது, டியூப் நன்றாகத்தான் இருந்தது. பழைய பொருள் சாகும்வரை புதுப் பொருளும் அதை நம்பி உயிர்வாழ வேண்டும் என்பது எனக்குச் சரிப்படவில்லை.

ஆக, இப்போது எட்டும் நேரடி இணைப்புதான். சோக், ஸ்டார்ட்டர், உள்ளே இருந்த கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, மெயின் சப்ளையை நேராக ஹோல்டருக்குக் கொடுப்பது. இதிலும் இரண்டு வகை. ஒன்றில் ஒரு முனைக்கு ஃபேஸ், மறுமுனைக்கு நியூட்ரல். மற்றதில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே முனையின் இரண்டு பின்களுக்கு வரும், மறுமுனை டியூபைத் தாங்கிப்பிடிக்க மட்டும்.

இந்த இரண்டாவது வகையில்தான் என் தம்பி ஒருநாள் டியூபைத் தலைகீழாக மாட்டினான். அந்த டியூபின் மறுமுனைப் பின்கள் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. சோக்குக்கும் நேரடிக்கும் ஒரே டியூப் பொருந்த வேண்டும் என்று பல டியூப்களில் அப்படி வைக்கிறார்கள். ஃபேஸும் நியூட்ரலும் போய் அந்த முனையில் முட்டின. சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், மெயின் போர்டில் ஷார்ட் ஆனால் தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி. விழுந்து வீடே இருட்டு. ஹோல்டரில் மிளகு சைஸுக்குக் கருகல். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்படியென்றால் இரு முனை வகைதானே நல்லது, எப்படித் திருப்பி மாட்டினாலும் எரியுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதில் டியூபின் ஒரு முனையை ஹோல்டரில் நுழைத்துவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்திருக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. சப்ளை அணையாமல் இருந்து, டியூபும் மட்டமாக இருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்னில் ஷாக் அடிக்க வழி உண்டு. இப்படி ஆகாத மாதிரி வடிவமைக்க வேண்டும் என்று இந்த வகை டியூப்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரமான ஐ.இ.சி. 62776 சொல்கிறது. மலிவு டியூப் அதைப் பின்பற்றியதா என்று ஸ்டூல் மேல் நின்று எனக்கு எப்படித் தெரியும்? எம்.சி.பி. விழுந்தால் தூக்கிவிட்டுவிடலாம். ஸ்டூலிலிருந்து மனுஷன் விழுந்தால்? நான் ஒரு முனை வகையோடு நின்றுவிட்டேன்.

மாற்றும் வேலையை நான் இப்போது செய்யும் முறை இது. சுவிட்ச் அல்ல, எம்.சி.பி.யை இறக்குவேன். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் வேறு ஒரு பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஃபிட்டிங்கில் வைத்துப் பார்ப்பேன், முடிந்ததும் மறுபடி பிளக்கில். செத்த டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பி வயரைத் தொட்டவர்கள் உண்டு. கெப்பாசிட்டர் உள்ள ஃபிட்டிங் என்றால் அதன் முனைகளைத் தொடுவதில்லை, சப்ளை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கலாம்.

ஹோல்டரை மல்டிமீட்டரால் பார்ப்பது பலர் செய்யாத வேலை. சில எலெக்ட்ரானிக் சோக் ஃபிட்டிங்குகளில் ஹோல்டரின் இரண்டு துளைகளும் உள்ளேயே இணைந்திருக்கும். அதில் போய் ஒரு முனை வயரிங் செய்தால் டியூபே மாட்டாமல் ஷார்ட் ஆகும். என்னுடைய மூன்றில் ஒன்று அப்படி. பழைய ஹோல்டர்கள் சூட்டில் வெந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கியதால் எட்டுக்கும் புது ஹோல்டர் போட்டுவிட்டேன். வயர் இணைப்பை வெறும் டேப் சுற்றி விடாமல் கனெக்டரில் போடுங்கள், தகரப் பெட்டிக்கு எர்த் கொடுங்கள். இதில் எந்த வரி புரியவில்லை என்றாலும் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவது நல்லது.

சரி, ஆறு வருஷ உழைப்பு எப்படி? பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். தினமும் 6 மணி நேரம் என்று வைத்தால் 22 வருஷத்துக்கு மேல் வர வேண்டும். எட்டில் மூன்று இதற்குள் போய்விட்டன. முதலில் போனது மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த டியூப். ஒரு நாள் கண் சிமிட்ட ஆரம்பித்தது, ஒரு வாரத்தில் நின்றது. ஓர மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சுண்டுவிரல் அகலத்துக்கு, மெயின் கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் டிரைவர் பலகை, அதில் ஒரு சின்ன கெப்பாசிட்டரின் தலை உப்பிப்போயிருந்தது. எல்.இ.டி. புள்ளிகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. அந்த மணிக்கணக்கு அந்தப் புள்ளிகளுக்குத்தான் போலிருக்கிறது. வெப்பம் வெளியேற வழியில்லாத உறைக்குள் இனி நான் டியூப் போடமாட்டேன்.

வெளிச்சத்தில் முதல் வாரம் ஏமாற்றம்தான். பழையது சுற்றிலும் ஒளி வீசும், எல்.இ.டி. முன்பக்கம் மட்டும். மேசையில் படிக்க நன்றாக இருந்தது, ஆனால் மேல்கூரை இருண்டு அறை சிறுத்த மாதிரி ஆனது. ஒரு ஃபிட்டிங்கில் ஹோல்டர் வாகு மாறியிருந்ததால் டியூபைத் திருகிப் பூட்டியதும் ஒளி முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றது. முனை மூடியைச் சுழற்றும் வசதியுள்ள டியூப் வாங்கித்தான் சரிசெய்தேன். முழுக்க பிளாஸ்டிக்கில் வந்த ஒன்று இரண்டு வருஷத்தில் நடுவே லேசாகத் தொய்ந்தது. அலுமினிய முதுகு உள்ளவை நேராகவே இருக்கின்றன. மலிவாக வாங்கிய இன்னொன்றைப் போட்டால் ரேடியோ கரகரவென்று இரையும். மொபைல் கேமராவில் அதைப் பார்த்தால் கறுப்புக் கோடுகள் ஓடும். அதைப் படிக்கும் மேசையிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிட்டேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் பழையது சிமிட்டிச் சிமிட்டி உயிரை வாங்கும், இது சட்டென்று எரிகிறது. சோக்கோடு 45 வாட் வாக்கில் இழுத்த இடத்தில் இப்போது 18.

கழற்றிய பழைய டியூப்களைக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. மின்குப்பை வாங்கும் இடத்தில் கொடுக்கலாம். எனக்கு ஒன்று கை நழுவி உடைந்தது. ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் பத்து நிமிஷம் வெளியே நிறுத்தி, அட்டையால் வழித்து, தூளை ஒட்டுடேப்பில் ஒற்றியெடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டேன். விளக்குமாறும் வேக்குவம் கிளீனரும் பாதரசத்தைப் பரப்பத்தான் செய்யும்.

கடைசியாக ஒரு வேலை, பலரும் விட்டுவிடுவது. இரண்டு பின்னுக்கு நடுவே மெயின் சப்ளை நிற்கும் ஃபிட்டிங்கில், விவரம் தெரியாத ஒருவர் பழைய டியூபை மாட்டினால் அதன் இழை நேரே மெயினில் விழும். அதனால் ஒவ்வொரு ஃபிட்டிங்கின் பக்கத்திலும் அழியாத மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'சோக் இல்லை. எல்.இ.டி. மட்டும். கரண்ட் இந்த முனையில்', அருகில் ஓர் அம்புக்குறி. போன மாதம் ஹால் டியூபை மாற்ற தம்பிதான் ஸ்டூலில் ஏறினான். ஏறியவன் டியூபை மாட்டாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, எம்.சி.பி.யை இறக்கியாச்சா?" என்றான்.