ஸ்டேஸுக்குள் எதை வைப்பது: செயற்கைத் திமிங்கில எலும்பா, ஸ்டீலா, கேபிள் டையா?

மேலே போடும் கவுன் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், உள்ளே ஸ்டேஸ் (மேலுடலை இறுக்கிப் பிடிக்கும், நாடா கட்டிய உள்ளாடை) சரியில்லையென்றால் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்ணின் உருவம் வராது. மார்பைத் தூக்கி, முன்புறத்தைத் தட்டையாக்கி, மேலுடலைத் தலைகீழ்க் கூம்பாகக் காட்ட வேண்டும். அதைச் செய்வது துணிக்குள் வரிசையாக நிற்கும் விறைப்பான பட்டைகள். 1770களின் பாணியில் எனக்கென்று ஸ்டேஸ் தைத்தபோது மூன்று வகைப் பட்டைகளையும் போட்டுப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு செயற்கைத் திமிங்கில எலும்பு என்ற பிளாஸ்டிக் பட்டைக்குத்தான்.

வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை மலிவு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். காடாத் துணியில் மாதிரி தைத்து அளவு பார்க்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. அகலமான, கனத்த ரகமாக வாங்குங்கள். மெல்லியது, உட்கார்ந்து எழுந்தாலே இடுப்பில் மடங்கி, அந்த மடிப்பு அப்படியே நின்றுவிடும்.

ஸ்டீல் பட்டையின் இடம் விக்டோரியக் கார்செட், அதாவது ஸ்டேஸுக்குப் பின் 19ஆம் நூற்றாண்டில் வந்த இடுப்பை இறுக்கும் உள்ளாடை. 1880களில் ஸ்டீல் நன்றாகவே புழக்கத்தில் இருந்தது. முன்பக்கம் திறந்து மூடும் கொக்கிப் பட்டையான பஸ்க்கும் ஸ்டீல்தான். இடுப்பைப் பல அங்குலம் இறுக்கினால் தாங்குவதும் அதுதான் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். அவ்வளவு இறுக்கி நான் அணிந்ததில்லை, அதனால் அந்த விஷயத்தில் என் பேச்சைவிட அவர்கள் பேச்சைக் கேட்பதே நல்லது.

என் முடிவைத் தீர்மானித்தது வியர்வை. ஸ்டேஸுக்கு அடியில், உடலோடு ஒட்டி, லினன் ஷிஃப்ட் என்ற தளர்வான உள்ளங்கி அணிவார்கள். அதைத்தான் அடிக்கடி துவைப்பது. ஸ்டேஸ் தண்ணீரைப் பார்ப்பதே அரிது. ஆனாலும் சில மணி நேரம் அணிந்தால் ஈரம் ஷிஃப்டைத் தாண்டி உள்ளே இறங்கும். ஸ்டீலுக்குப் பூச்சு இருந்தாலும், நாம் வெட்டிய முனையில் அது இருக்காது. அந்த இடத்தில் துரு பிடித்தால் லினனில் விழும் கறை லேசில் போகாது. அதற்குப் பயந்து ஒவ்வொரு பட்டையையும் தகரம் வெட்டும் கத்திரியால் வெட்டி, அரம் போட்டு, முனைக்கு மூடி மாட்ட வேண்டும். விக்டோரியக் கார்செட்டில் பட்டைகள் குறைவு, செய்துவிடலாம். நெருக்கமாகப் பட்டை நிரப்பிய ஸ்டேஸில் இது பெரிய வேலை. எடையும் ஏறிவிடும்.

செயற்கை எலும்பை வீட்டுக் கத்திரிக்கோலே வெட்டும். முனையை உப்புத்தாளால் தேய்த்து உருட்டினால் போதும், துணியைக் குத்தாது. துரு என்ற பேச்சே இல்லை. அழுக்கான இடத்தை மட்டும் ஈரத் துணியால் பயமின்றித் துடைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அசல் திமிங்கில எலும்பு உண்மையில் எலும்பல்ல, திமிங்கிலத்தின் வாயிலுள்ள தகடு; நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது; சூட்டில் இளகி, ஆறியதும் வளைத்த வடிவில் நிற்கும். இந்தப் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய அப்படியே நடந்துகொள்கிறது. சில முறை அணிந்ததும் உடல் சூட்டிலேயே உங்கள் வளைவுக்குப் பழகிவிடும். அவசரமென்றால் அயர்ன் பாக்ஸின் மிதமான சூட்டில் வளைத்து, ஆறும்வரை பிடித்திருங்கள். சூடு கூடினால் உருகிவிடும், கவனம். ஸ்பிரிங் ஸ்டீலிடம் இந்த இணக்கம் கிடையாது. எடுத்ததும் நேராகிவிடும்.

விலைதான் இதன் குறை. ஜெர்மனியில் தயாராவதை வரவழைத்தால் அனுப்பும் செலவும் சேரும். அதனால் மாதிரியைக் கேபிள் டையில் முடித்து, தேவையான மீட்டரைக் கணக்கிட்ட பிறகு வாங்குங்கள். நெருக்கமான வரிசைக்கு 5 மி.மீ. அகலம் எடுப்பாக இருக்கும். பட்டையை நுழைக்கும் சேனலை அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாராளமாகத் தையுங்கள். நாடா கோர்க்கும் ஓட்டைகளுக்கு உலோக ஐலெட் (வளையம்) வேண்டாம், அது 19ஆம் நூற்றாண்டில் வந்தது. காஜா எடுப்பதுபோல் நூலால் சுற்றித் தைத்துவிடுங்கள்.