ரெண்டே பேர் போற படகுல சுக்கானை யார்கிட்ட குடுக்கிறது? விண்ட்வேனா, ஆட்டோபைலட்டா?

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் மட்டும் பாய்மரப் படகுலயே குடியிருந்துக்கிட்டு பெருங்கடல் தாண்ட கிளம்புறாங்கன்னா, எத்தனை அடி படகு, எந்த டிசைன்னு மாசக்கணக்கா மண்டைய உடைச்சுக்குவாங்க, சுக்கானை யார் பிடிக்கிறதுங்கறது மட்டும் கடைசியிலதான் பேச்சுக்கே வரும். கேனரி தீவுகள்ல இருந்து கரீபியனுக்கு கிட்டத்தட்ட 2,700 கடல் மைல், சராசரி படகுக்கு மூணு வாரம் ஆகும், அத்தனை ராத்திரியும் மாத்தி மாத்தி கையாலயே ஓட்டினா சீக்கிரமே ரெண்டு பேரும் முகம் குடுத்து பேசிக்க மாட்டாங்க. அதனால தானா ஓட்டுற ஏதாவது ஒண்ணு இருந்தே ஆகணும்.

விண்ட்வேன்ங்கறது படகோட பின்பக்கம் மாட்டுறது. மேல ஒரு மெல்லிசு தகடு, கீழ தண்ணிக்குள்ள ஒரு துடுப்பு. படகு திசை மாறினா காத்து தகட்டை பக்கவாட்டுல அடிச்சு சாய்க்கும், அந்த சாய்வு துடுப்பை லேசா திருப்பும், ஓடுற தண்ணி அதை ஒரு பக்கமா தள்ளும், அந்த பலத்துல கயிறு போய் சுக்கானை இழுக்கும். ஒரு துளி கரண்ட் வேணாம், படகு வேகமா போகப் போக இதுக்கு பலமும் கூடும். 1960 அட்லாண்டிக் தனியாள் போட்டியில ஜெயிச்ச சிச்செஸ்டர், ரெண்டாவதா வந்த ஹாஸ்லர் ரெண்டு பேருமே காத்துல ஓடுற ஸ்டியரிங் வச்சுத்தான் போனாங்க. ஏதாவது உடைஞ்சாலும் பெரும்பாலும் கயிறு, போல்ட்டு சமாச்சாரம்தான், ஸ்பேனரை எடுத்து நாமளே பார்த்துக்கலாம்.

ஆனா இது பிடிக்கிறது காத்தோட கோணத்தை, திசையை இல்ல. காத்து இருபது டிகிரி திரும்பினா படகும் சத்தமில்லாம கூடவே திரும்பிடும், நடுக்கடல்ல பரவாயில்ல, கரை பக்கத்துல இது வம்பு. காத்து பின்னாலருந்து மெதுவா வந்தா தகட்டுக்கு உயிரே இருக்காது. எஞ்சின் போட்டு போறப்ப சுத்தமா பிரயோஜனமில்ல.

அங்கதான் ஆட்டோபைலட் ராஜா. காம்பஸ் பார்த்து கரண்ட் மோட்டார்ல சுக்கானை ஓட்டும், பட்டனை தட்டினா போதும். பிரச்சனை என்னன்னா கரண்ட் பசி. சராசரியா 4 ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 96 ஆம்பியர்-ஹவர் (பேட்டரில இருந்து போற கரண்டோட கணக்கு), அதுவும் அலை பெருசானா இன்னும் கூடும், மோட்டார் ஓயாம முனகிக்கிட்டே இருக்கும், கேபின்ல தூங்குறவங்களுக்கு அது தனி சித்திரவதை. மேகமூட்டம் நாலு நாள் நீடிச்சா சோலார் கைவிரிச்சிடும், அப்புறம் பேட்டரிக்காக டீசலை எரிக்கணும். மோட்டாரோ கன்ட்ரோல் பாக்ஸோ போச்சுன்னா ஸ்பேர் இல்லாம நடுக்கடல்ல ஒண்ணும் பண்ண முடியாது.

என்னைக் கேட்டா, ஒத்தை ஹல் (ஒரே அடிக்கூடு) படகுல ரெண்டு பேரா போறவங்க காசை முதல்ல விண்ட்வேன்ல போடணும். கூடவே டில்லர்ல (சுக்கானை திருப்புற கைப்பிடிக் கம்புல) மாட்டுற சின்ன ஆட்டோபைலட் ஒண்ணு வாங்கிக்கலாம், அதை சுக்கானுக்கு பதிலா விண்ட்வேனோட தகடு இருக்குற இடத்துல கோத்துவிட்டா, காத்து செய்யுற வேலைய அது செய்யும், பாரத்தை தண்ணியே பார்த்துக்கும், கரண்டும் கொஞ்சமாத்தான் தின்னும். ஒண்ணு மட்டும், எதை மாட்டினாலும் பாயை நேரத்தோட சுருக்கி படகை பேலன்ஸ் பண்ணலன்னா ரெண்டுமே திணறும், பழியை மெஷின் மேல போட்டு லாபமில்ல.

இன்னொரு விஷயம், இது ரெண்டுலயும் ஆள் கடல்ல விழுந்தா படகு பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கும். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்துல பத்து நிமிஷத்துல ஒரு கடல் மைல் தள்ளிப்போயிடும், உள்ள தூங்குறவருக்கு தெரியவே தெரியாது. ராத்திரி தனியா வாட்ச்ல (காவல் முறையில) இருக்குறவர் படகோட தன்னை கட்டிக்கிற பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்காம டெக்ல கால் வைக்கவே கூடாது.

கேட்டமரான், அதாவது ரெட்டை ஹல் படகு வச்சிருக்குறவங்களுக்கு கதை வேற, வேகம் ஏறி இறங்க படகு உணர்ற காத்தோட கோணமும் மாறிக்கிட்டே இருக்கறதால விண்ட்வேன் குழம்பிடும், அவங்க ரெண்டு ஆட்டோபைலட்டா வச்சுக்கறதுதான் சரி.