11 வருஷம், ஒரே எஸ்எம்பிஎஸ், ஆறு பேட்டரி: என் கடை கம்ப்யூட்டர் அனுபவம்

அருப்புக்கோட்டைல சின்னதா ஒரு டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், நடுவுல ஆன்லைன் அப்ளிகேஷன், இதான் பொழப்பு. கடைல மெயின் சிஸ்டம் 2014 கடைசில அசெம்பிள் பண்ணது. ஐ5 4460 ப்ராசசர், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு. இன்னைக்கும் ஓடுது. எல்லாரும் ப்ராசசர் எப்படி, கார்டு எப்படின்னுதான் ரிவ்யூ போடுறாங்க, நான் அதுக்குள்ள கரண்ட் போற வழிய, அதாவது சுவத்துக் கரண்ட கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் யூபிஎஸ்ஸையும் பத்தி மட்டும் எழுதப்போறேன், ஏன்னா இந்த 11 வருஷத்துல எனக்கு தூக்கம் கெட்டது பூராம் அதனாலதான்.

முதல்ல பழைய கதை. 2012ல எங்க பக்கம் கரண்ட் எப்படி இருந்துச்சுன்னு அந்த வருஷம் கடை வச்சிருந்தவங்களுக்கு தெரியும். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும், சில நாள் அந்தக் கணக்கும் கிடையாது. சென்னைல ரெண்டு மணி நேரம் கட்டுக்கே புலம்புவாங்க, எங்களுக்கு சிரிப்பா வரும். அப்ப இருந்தது ஒரு டூயல் கோர் சிஸ்டம், கேபினெட் கூடவே ஃப்ரீயா வந்த எஸ்எம்பிஎஸ். மேல 450 வாட்னு பெருசா ஸ்டிக்கர், கைல எடுத்தா காலி டிபன் பாக்ஸ் கனம். அதுக்குப் பின்னாடி 115 / 230னு ஒரு சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருக்கும் பாத்திருப்பீங்க. தங்கச்சி பையன் லீவுக்கு வந்தவன், சிவப்பா இருக்கேன்னு நகத்தால அத தள்ளி விட்டுட்டான். நான் கவனிக்கல. மெயின் ஸ்விட்ச போட்டேன், டமார்னு ஒரு சத்தம், வெள்ளைப் புகை, கடைக்கு வந்திருந்த ஒரு அம்மா செருப்ப விட்டுட்டு வெளிய ஓடிருச்சு.

அப்புறம்தான் அந்த ஸ்விட்ச் எதுக்குன்னே தெரிஞ்சுக்கிட்டேன். அமெரிக்கா மாதிரி 115 வோல்ட் ஊர்ல வர்ற வோல்டேஜ டபுளா ஆக்கி உள்ள அனுப்புறதுக்கு. நம்ம 230ஐ அதுல போட்டா அதையும் டபுள் பண்ணும், 200 வோல்ட் தாங்குற கெப்பாசிட்டர் (கரண்ட சேத்து வைக்கிற டப்பா) மேல 300க்கு மேல ஏறும், வெடிக்காம என்ன செய்யும்?

அன்னைக்கே அதே மாதிரி இன்னொன்னு வாங்கி மாட்டுனேன் (புத்தி வரலன்னு சொல்லலாம்). 2013ல ஒரு நாள் போன கரண்ட் திரும்பி வர்றப்ப அதுவும் போச்சு, ஆனா தனியா போகல, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருச்சு. ஒரு கோயில் கும்பாபிஷேக மலர், 40 பக்கம், பேஜ்மேக்கர்ல அடிச்சு முடிச்சது அதுக்குள்ள இருந்துச்சு. திரும்ப அடிச்சேன். எஸ்எம்பிஎஸ்ஸ கழட்டிப் பாத்தா, கரண்ட் நுழையுற இடத்துல வடிகட்டுறதுக்கு காயில் இருக்கணும், போர்டுல அதுக்கு இடமும் ஓட்டையும் இருக்கு, காயிலுக்கு பதிலா ரெண்டு கம்பித் துண்ட வச்சு பத்த வச்சிருக்காங்க.

அதனால 2014ல புதுசு அசெம்பிள் பண்றப்ப முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸ முடிவு பண்ணிட்டுதான் மத்ததெல்லாம். 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், ஆக்டிவ் பிஎஃப்சி உள்ளது (ரெண்டும் என்னன்னு கீழ சொல்றேன்). அந்த சமயத்துல இன்னொரு பயமும் இருந்துச்சு, 2013ல இந்த 4வது தலைமுறை ப்ராசசர் வந்தப்ப அது தூங்குற நேரத்துல 12 வோல்ட் லைன்ல 0.05 ஆம்பியர் வரைக்கும் இறங்கும்னு இன்டெல் சொல்லிருச்சு, பழைய டிசைன் எஸ்எம்பிஎஸ் அவ்வளவு கம்மியா இழுத்தா வோல்டேஜ சரியா பிடிக்காது. 12 வோல்ட்ட முதல்ல உருவாக்கி அதுல இருந்து தனி சர்க்யூட் வச்சு 5, 3.3 வோல்ட் எடுக்குற டிசைனுக்கு அந்தத் தொல்லை இல்ல. அதையும் பாத்து வாங்குனேன். தூக்கம் முழிச்சி ரீஸ்டார்ட்னு ஒரு நாள் கூட இந்த சிஸ்டம் படுத்துனது கிடையாது.

80 பிளஸ்னா என்னன்னு நிறைய பேர் கேக்குறாங்க. 2004ல வந்த விஷயம், சுவத்துல இருந்து இழுக்குற கரண்ட்ல 80 சதவீதமாச்சும் கம்ப்யூட்டருக்கு போகணும், மிச்சம்தான் சூடா வீணாகலாம். பிரான்ஸ்னா பாதி லோடுல 85 சதவீதம். அத வச்சு கரண்ட் பில்லு குறைஞ்சதான்னா, பெருசா இல்லங்க. என் சிஸ்டம் சும்மா இருந்தா 45 வாட், போட்டோஷாப்ல பெரிய பிளக்ஸ் டிசைன் ஓடுனா 120, ப்ளக்குல சொருகுற மீட்டர் வச்சுப் பாத்தது. இதுல என்ன மிச்சம் பிடிக்கப் போறோம். எனக்கு லாபம் கிடைச்சது பிஎஃப்சிலதான். அது வர்ற வோல்டேஜ் எதுவா இருந்தாலும் 380 வோல்ட் டிசி அளவுக்கு ஏத்தி வச்சுக்கிட்டுதான் மத்த வேலைய பாக்கும். அதனால 100ல இருந்து 240 வரைக்கும் எதுனாலும் ஓகே, சிவப்பு ஸ்விட்ச்சே கிடையாது. எங்க தெருல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல 170 வோல்ட்டுக்கு வந்துரும், டியூப்லைட் கண்ணு சிமிட்டும், ஃபேன் காத்தே வராது, சிஸ்டம் மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடும். முன்னாடி வச்சிருந்த ஸ்டெபிலைசர வீட்டு ஃப்ரிட்ஜுக்கு கொண்டு போயிட்டேன்.

இந்த எஸ்எம்பிஎஸ்ங்கிறதே எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. பழைய நோக்கியா 3310 சார்ஜர் ஞாபகம் இருக்கா, தூக்கி எறிஞ்சா மண்டை உடையும், உள்ள பூராம் இரும்பு டிரான்ஸ்பார்மர். 1975ல வந்த ஆல்டேர் 8800 கம்ப்யூட்டருக்கு பவர் சப்ளை அந்த ஜாதிதான், கனம், சூடு. 1977ல ஆப்பிள் 2 செய்றப்ப ஸ்டீவ் ஜாப்ஸ் உள்ள ஃபேன் சத்தமே வரக்கூடாதுன்னு நிக்க, வீடியோ கேம் கம்பெனி அட்டாரில இருந்து வந்த இன்ஜினியர் ராட் ஹோல்ட் ஸ்விட்சிங் சப்ளை டிசைன் பண்ணிக் குடுத்தாரு. கரண்ட ஒரு செகண்டுக்கு பல்லாயிரம் தடவ வெட்டி வெட்டி அனுப்புனா டிரான்ஸ்பார்மர் தீப்பெட்டி அளவு போதும், சூடும் கம்மி. அவர்தான் முதல்ல கண்டுபிடிச்சாருன்னு சிலர் சொல்றாங்க, அது சரியில்ல, பெரிய கம்ப்யூட்டர்லயெல்லாம் அதுக்கு முன்னாடியே இருந்தது, வேகமா வெட்டுற அதே நேரம் அதிக வோல்டேஜையும் தாங்குற டிரான்சிஸ்டர் மலிவா கிடைக்க ஆரம்பிச்சதும்தான் வீட்டு கம்ப்யூட்டருக்குள்ள வந்துச்சு. அப்புறம் 1995ல இன்டெல் ஏடிஎக்ஸ்னு மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ்க்கெல்லாம் ஒரு பொது விதி கொண்டு வந்தாங்க. அது இல்லாத பழைய சிஸ்டத்துல விண்டோஸ் 95ல ஷட்டவுன் குடுத்தா ஆரஞ்சு எழுத்துல இப்ப ஆஃப் பண்ணிக்கலாம்னு வரும், நம்மளே எந்திரிச்சுப் போய் ஸ்விட்ச அமுக்கணும். இப்ப ஆஃப்ல இருந்தாலும் ஊதா வயர்ல 5 வோல்ட் வந்துக்கிட்டேதான் இருக்கும், மவுஸ் லைட் எரியுறது அதனாலதான்.

சரி, பிரச்சினைக்கு வர்றேன். 2021 வரைக்கும் எந்தக் குறையும் இல்ல. சிஸ்டத்துக்கு முன்னாடி 600 விஏ யூபிஎஸ், உள்ள 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு பேட்டரி மாத்தணும், அது எழுதி வச்ச விதி மாதிரி, கடை மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, மே மாசம் உள்ள உக்காந்தா நம்மளே வெந்துருவோம், பேட்டரி மட்டும் என்ன செய்யும். 2021 நடுவுல ஒரு புது வியாதி ஆரம்பிச்சுச்சு. கரண்ட் போனா யூபிஎஸ் டக்குனு எடுக்குது, மானிட்டர் எரியுது, ஆனா சிபியு மட்டும் ரீஸ்டார்ட் ஆகுது. எப்பவும் இல்ல, சில நேரம்தான். அதுவும் கஸ்டமர் நிக்கிறப்பதான், கண்டிப்பா.

பேட்டரின்னு நினைச்சு எட்டு மாசமே ஆன பேட்டரிய தூக்கிட்டு புதுசு போட்டேன். தெண்டம். சர்வீஸ்க்கு ஒருத்தர கூப்பிட்டேன், மதர்போர்டு போச்சு மாத்தணும்னு சொல்லிட்டுப் போனாரு. நம்பல. யூபிஎஸ்ல 60 வாட் குண்டு பல்பு ஒண்ண மாட்டி மெயின ஆஃப் பண்ணிப் பாத்தேன், லேசா ஒரு சிமிட்டு, அவ்வளவுதான், யூபிஎஸ் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கடைய சாத்திட்டு உக்காந்து ஒரு நோட்டுல குறிச்சேன். ஒண்ணும் ஓட்டாம மெயின ஆஃப் பண்ணா பத்து தடவயும் தாங்குது. போட்டோஷாப்ல பெரிய ஃபைல சேவ் போட்டுக்கிட்டே ஆஃப் பண்ணா பத்துல ஏழு தடவ போயிருது. கஸ்டமர் நிக்கிறப்ப மட்டும் ஏன் ஆகுதுன்னு அப்பதான் மண்டைல ஏறுச்சு, அப்பதான நான் வேலையே பாக்குறேன்!

மேட்டர் இதான். கரண்ட் போறதுக்கும் யூபிஎஸ்ல ரிலே (தானா மாறுற ஸ்விட்ச்) மாறி பேட்டரி கரண்ட் வர்றதுக்கும் நடுவுல பத்து மில்லி செகண்ட் வரைக்கும் இடைவெளி இருக்கும், செகண்டுல நூறுல ஒரு பங்கு. அந்த நேரம் கம்ப்யூட்டர் உயிரோட இருக்குறது எஸ்எம்பிஎஸ்க்குள்ள இருக்குற ஒரே ஒரு பெரிய கெப்பாசிட்டர்ல சேத்து வச்ச கரண்ட்லதான். என் எஸ்எம்பிஎஸ் வந்த காலத்து ஏடிஎக்ஸ் விதிப்படி முழு லோடுலயும் 17 மில்லி செகண்டாச்சும் தாங்கணும். புதுசுல தாங்குச்சு, ஏழு வருஷம் ஷீட்டுக்கடில வெந்ததுக்கு அப்புறம் தாங்கல. லோடு கம்மியா இருந்தா இருக்குறத வச்சு ஓட்டிருது, வேலை ஜாஸ்தின்னா பாதிலயே தீந்துருது.

எங்க ஊர்ல பழைய டிவி மெக்கானிக் ஒரு அண்ணன் இருக்காரு, அவர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். மூடிய திறந்தவுடனே நான் விரல நீட்டி அந்தக் கெப்பாசிட்டர காமிச்சேன், கைய தட்டி விட்டாரு.

"ஏய் தம்பி, ப்ளக்க கழட்டிட்டா செத்துருச்சுன்னு அர்த்தமா? உள்ள முன்னூறு வோல்ட் உக்காந்திருக்கும்டா."

ஹோல்டர்ல மாட்டுன ஒரு குண்டு பல்போட ரெண்டு வயர வச்சு அதோட காலத் தொட்டாரு, பல்பு மினுக்குனு ஒரு தடவ எரிஞ்சு அணைஞ்சுச்சு. மீட்டர வச்சு சைபர்னு பாத்துட்டுதான் சால்டரிங் அயர்ன கைல எடுத்தாரு. இத படிச்சிட்டு யாரும் வீட்டுல திறந்து பாக்காதீங்க, அவர் முப்பது வருஷமா பிக்சர் ட்யூப் டிவில அடி வாங்கி பழகுன ஆளு. கழட்டுன கெப்பாசிட்டர்ல 330 மைக்ரோ ஃபாரட், 400 வோல்ட், 85 டிகிரின்னு போட்டிருந்துச்சு. மீட்டர்ல வச்சா அந்த 330 மைக்ரோ ஃபாரட் (கரண்ட சேத்து வைக்கிற அளவு) வெறும் 52. மேல உப்பலே இல்ல, பாக்க புதுசு மாதிரி. 2000 பக்கம் வந்த மதர்போர்டு கெப்பாசிட்டரெல்லாம் உப்பி ஒழுகி ஊரையே கெடுத்துச்சே, அத பாத்துப் பாத்து உப்புனாதான் போச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

"85 டிகிரி போட்டுருக்கான் பாரு, ஓங்கடை சூட்டுக்கு 105 போடணும்"னு சொல்லி அதே அளவுல 105 டிகிரி, 450 வோல்ட் ஒண்ண போட்டாரு. சாமான் 120 ரூவா, கூலி 200. அவ்வளவுதான், மதர்போர்டே மாத்தச் சொன்ன வியாதி. வந்து போட்டோஷாப் சேவ் ஓட்டிக்கிட்டே இருபது தடவ மெயின தட்டித் தட்டிப் பாத்தேன், ஒரு தடவ கூட விழல. நாலு வருஷம் ஆச்சு.

மத்தபடி யூபிஎஸ் வச்சிருக்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, லேசர் பிரிண்டர அதுல சொருகாதீங்க. கடைல இருந்த பையன் ஒரு நாள் ப்ளக் பாயின்ட் காலியா இருக்கேன்னு சொருகிட்டான். பேப்பர சூடு பண்ற ரோலரு ஆயிரம் வாட்ட நெருங்கி இழுக்கும், நம்ம 600 விஏன்னா தாங்குறது 360 வாட்தான். பிரிண்ட் குடுத்த நொடில யூபிஎஸ் ஆம்புலன்ஸ் மாதிரி கத்தி, எல்லாத்தையும் சேத்து அணைச்சிருச்சு.

அக்கா பையன் இப்ப கேமிங் பிசி போடணும்னு நிக்கிறான், புது 16 பின் கனெக்டர் உள்ள கிராபிக்ஸ் கார்டு. ஒரே கேபிள்ல 600 வாட் வரைக்கும் போகும், 2022ல முனை உருகுன படமெல்லாம் பாத்திருப்பீங்க. கடைசி வரைக்கும் அழுத்திச் சொருகுடா, இடைவெளி தெரியக்கூடாதுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். பட்ஜெட்ட எழுதிக் காமிச்சான், எஸ்எம்பிஎஸ்க்கு நேரா "மிச்சம் இருந்தா பாத்துக்கலாம்"னு இருந்துச்சு. அந்தப் பேப்பர வாங்கி வச்சுக்கிட்டேன், இன்னும் திருப்பிக் குடுக்கல.

என்னோடதுல இப்ப இருக்குற குறை, காலைல ஆன் பண்ணா எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஒரு நிமிஷம் கரகரன்னு கத்தும், அப்புறம் அடங்கிரும். ஸ்டிக்கர உரிச்சு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், ஆறு மாசம் தாங்குச்சு, திரும்ப ஆரம்பிச்சிருச்சு. விண்டோஸ் 11 இந்த ப்ராசசருக்கு கிடையாதுன்னுட்டான், சிஸ்டத்த எப்படியும் மாத்தணும். எஸ்எம்பிஎஸ்ஸ கழட்டி புதுசுலயே மாட்டலாம்னு இருக்கேன். அண்ணன்கிட்ட கேட்டேன், ஃபேன முதல்ல மாத்து, அப்புறம் வா பாக்கலாம்னாரு.