விண்ட் வேன்: சுக்கானுக்கு ஆள் கிடைத்தது, தூக்கம் போனது

பழைய முப்பதடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர், "பேட்டரியில் ஓடும் ஆட்டோபைலட் போதாதா, விண்ட் வேன் எதற்கு?" என்று கேட்டார். விண்ட் வேன் என்பது காற்றின் விசையிலேயே சுக்கானைத் திருப்பும் கருவி. கரீபியனில் உள்ள ஆன்டிகுவாவிலிருந்து, நடு அட்லாண்டிக்கில் இருக்கும் அசோர்ஸ் தீவுகளின் ஹோர்ட்டா வழியாக, இங்கிலாந்தின் ஃபால்மவுத்துக்கு, அதாவது வீட்டுக்கு, இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஹோர்ட்டா வரை மட்டுமே சுமார் 2,200 கடல் மைல். படகில் நானும் மனைவியும்தான். சுக்கானைக் கையில் பிடித்தே ஓட்டினால் வாட்சில், அதாவது காவல் முறையில், இருப்பவர் எழுந்து ஒரு டீ போட முடியாது. விண்ட் வேன் அந்தச் சிறையிலிருந்து எங்களை விடுவித்தது. காற்றுத் தகடு சாய்ந்தால் தண்ணீரில் இருக்கும் துடுப்பு திரும்புகிறது, ஓடும் தண்ணீர் துடுப்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, அந்த விசை கயிறு வழியாக டில்லரை, அதாவது சுக்கானின் கைப்பிடியை, இழுக்கிறது. கரண்ட் ஒரு துளிகூட வேண்டாம். 1960இல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில் பிளாண்டி ஹாஸ்லர் காற்றை நம்பிச் சுக்கானை விட்டார். அடிப்படை யோசனை இன்றும் அதுதான். எங்கள் சோலார் பேனல் விளக்குக்கும் மற்ற கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ்ஸுக்கும் ரேடியோவுக்குமே சரியாக இருக்கும். ஆட்டோபைலட்டை இரவு பகலாக ஓட விட்டால் மூன்றாம் நாளே பேட்டரி படுத்துவிடும்.

காற்று ஏற ஏற இதற்குப் பலமும் ஏறுகிறது. மேலைக்காற்றைத் தேடி வடக்கே ஏறியபோது ஒரு இரவு காற்று முப்பது நாட் வேகத்துக்கு (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) மேல் அடித்தது. மெயின் பாயில் மூன்றாவது ரீஃப், அதாவது பாயை மூன்றாம் கட்டம் வரை சுருக்கியிருந்தோம். அறைப் படியில் நின்று சிவப்பு டார்ச்சில் பார்த்தேன். பின்னாலிருந்து அலை தூக்கும்போதெல்லாம், ஆளில்லாத டில்லர் நாலு விரல் அகலம் போய், நிதானமாகத் திரும்பி வந்தது. நானாக இருந்தால் அந்த அலைகளில் பாதிக்குத் தேவைக்கு மேல் திருப்பியிருப்பேன்.

கடலில் மிதக்கும் சர்காசம் பாசி துடுப்பில் சிக்கும், கொக்கிக் கம்பால் எடுத்துவிட வேண்டும். அந்தக் கடலில் அது எல்லோருக்கும் உள்ள வேலை. இந்தக் கருவியின் குறை இல்லை.

குறை அந்தச் சத்தம்தான். பின்காற்று குறைந்து, பழைய அலை மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில், துடுப்பைத் தள்ளும் அளவுக்குத் தண்ணீர் ஓடாது. துடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்து புஷ்ஷில், அதாவது அது சுழலும் பிளாஸ்டிக் வளையத்தில், மோதும். டக்... டக்டக்... டக். தாளம் சீராக இருந்தாலாவது பழகிவிடும். எங்கள் பங்க், அதாவது படுக்கை, படகின் பின்பகுதியில் சுக்கான் பிடிப்பவர் உட்காரும் காக்பிட்டுக்குக் கீழே, தலைமாட்டிலிருந்து இரண்டடியில் விண்ட் வேனைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். நடுக்கடலில் அதிகம் ஆடாத இடமும் அதுதான், வேறு எங்கே போய்ப் படுப்பது? கயிறை இறுக்கிப் பார்த்தோம், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிப் பார்த்தோம். ஹோர்ட்டாவில் முழுசாகக் கழற்றி, சின்னச் சின்ன பிளாஸ்டிக் வளையங்களுக்குப் பெரிய பணம் கொடுத்துப் புதுசு போட்டோம். இரண்டு இரவு நிம்மதி. அப்புறம் அசோர்ஸ் உயரழுத்தம் என்ற காற்று குறைந்த பகுதியின் ஓரத்தில் காற்று செத்தது, சத்தம் திரும்பி வந்தது. தயாரிப்பாளருக்கு எழுதினேன், அது இயல்புதான் என்று பதில். இந்த விலைக்கு விற்பவர்கள் ஒரு இரவாவது அதன் பக்கத்தில் படுத்துப் பார்த்துவிட்டு அதை எழுதியிருக்க வேண்டும்.

நாலு மணி நேர வாட்ச் முடித்துப் படுப்பவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் மூன்றரை மணி நேரத் தூக்கம். அதைத் திருடும் பொருளை, அது எவ்வளவு நேர்த்தியாகப் படகை ஓட்டினாலும், என்னால் மன்னிக்க முடியவில்லை. படகு பாதை தவறியதே இல்லை, ஒரு பாகமும் உடைந்ததில்லை, இருந்தும் இந்தக் குளிர்காலத்தில் விற்றுவிடுகிறேன். தனிச் சுக்கான் உள்ள வேறு வகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நண்பர் வாங்கலாம். அவர் படகில் பங்க் நடு அறையில், பாய்மரத்தை ஒட்டி இருக்கிறது. வாங்கும்போதே உதிரி புஷ் இரண்டு செட்டும் சேர்த்துக் கேட்கட்டும்.