மூன்று சென்சார் போதுமா, வேறு வகை ஒன்று வேண்டுமா?

போன கோடையில் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மேல்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லும் சென்சார் கம்பிகள் ஒன்றுக்கு இரண்டாக இருந்தன. கழற்றிப் பார்த்தால் இரண்டிலும் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும் என்றுதானே இரண்டு போட்டோம்?

விமானத்திலும் இதே சிக்கல்தான். போயிங் 737 மேக்ஸில் எதிர்வரும் காற்றுக்கு விமானம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளக்க இரண்டு சென்சார்கள் உண்டு. ஆனால் மூக்கைக் கீழே தள்ளும் எம்காஸ் மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. அந்த ஒன்று தப்பான கோணத்தைச் சொன்னதால் மென்பொருள் மூக்கைக் கீழே தள்ளியது; 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். இப்போது இரண்டையும் ஒப்பிட்டு, 5.5 டிகிரி அளவுக்கு முரண்பட்டால் எம்காஸ் ஒதுங்கிக்கொள்கிறது. நல்ல திருத்தம்தான். ஆனால் இரண்டில் எது பொய் என்று அதற்குத் தெரியாது.

சரி, மூன்று வைத்தால்? பெரும்பான்மை பார்க்கலாம், ஒன்று மட்டும் கெட்டால் அருமையான முறை. 2008 நவம்பரில் பிரான்சின் பெர்பிஞ்ஞான் அருகே ஒரு ஏர்பஸ் ஏ320 விமானம் சோதனைப் பறப்பில் இருந்தது. சில நாள் முன்பு விமானத்தைக் கழுவியபோது கோண சென்சார்களை மூடிவைக்கவில்லை. உள்ளே புகுந்த தண்ணீர் உயரத்தில் உறைந்து, இரண்டு சென்சார்கள் ஏறக்குறைய ஒரே கோணத்தில் நின்றுவிட்டன. உண்மை சொன்ன மூன்றாவதைக் கணினி தள்ளிவைத்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். இதைப் படித்த நாள் முதல் பெரும்பான்மையை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

என் ஓட்டு, வேறு வழியில் அளக்கும் சாதனத்துக்குத்தான். 2018 ஜூலையில் பிரிஸ்பேனில் குளவி கூடு கட்டாமல் இருக்கப் போட்ட உறைகளைக் கழற்றாமலே மலேசியா ஏர்லைன்ஸின் ஏ330 ஒன்று கிளம்பிவிட்டது. வேகம் அளக்கும் பிட்டோ குழாய்கள் மூன்றும் அடைபட்டிருந்தன. மூன்றுக்குப் பதில் முப்பது இருந்திருந்தாலும் அதே கதிதான். விமானிகள் கோண சென்சாரிலிருந்து கணக்கிடும் மாற்று வேகமானிக்கு மாறினார்கள். அது வேகத்தை எண்ணில் சொல்லாது. பத்திரமான வேகத்தைக் குறிக்கும் பச்சைப் பட்டைக்குள் இருக்கிறோமா என்று மட்டும் காட்டும். அதை வைத்தே பத்திரமாகத் தரையிறங்கினார்கள். துல்லியம் குறைவு, கோண சென்சாரும் கெட்டால் அதுவும் போச்சு என்பது உண்மை. அதனால் மூன்றை எடுத்துவிட்டு இதை வை என்று சொல்லமாட்டேன். மூன்றோடு இதுவும் வேண்டும்.

எங்கள் தொட்டியில் ஒரு கம்பியை எடுத்துவிட்டு மிதவை சுவிட்ச் மாட்டியிருக்கிறோம். அதன் மேலும் உப்பு படிகிறது, ஆனாலும் தண்ணீரோடு எழும்பி மோட்டாரை நிறுத்துகிறது.